டிஸ்னி நடத்திய குடும்பம்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் நான் ஓவியனாகச் சேர்ந்தேன். முதல் நாளே எங்களைச் சுற்றி அமரவைத்த உரிமையாளர், தம்மை யாரும் சார் என்று அழைக்க வேண்டாம், அண்ணா என்று அழைத்தால் போதும் என்றார். இது அலுவலகமல்ல, குடும்பம் என்றும் சொன்னார். கிராமத்திலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் வந்திருந்த எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் படம் வரைந்து அனுப்புவது எங்கள் வேலை. ஒரு பாத்திரம் கையைத் தூக்கத் தொடங்கும் ஓவியமும் தூக்கி முடித்த ஓவியமும் அங்கிருந்து வரும். இடையில் உள்ள ஓவியங்களை நாங்கள் வரைவோம். இரவு பதினொரு மணிக்கு அண்ணன் தம் செலவில் பிரியாணி வரவழைப்பார். எங்கள் பிறந்தநாள்கள் அவருக்கு மனப்பாடம். சம்பளம் மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. பிறகு இரண்டு மாதம். பிறகு மூன்று மாதம். முதலாளியாக இருந்தால் நேரில் போய்க் கேட்டிருக்கலாம். அண்ணனிடம் எப்படிக் கேட்பது?

எங்கள் மேசைகளுக்கு நேர் எதிரே சுவரில் வால்ட் டிஸ்னியின் பெரிய படம் ஒன்று இருந்தது. அவரை நாங்கள் தொழிலின் குலதெய்வமாகவே வைத்திருந்தோம். ஏழையாகப் பிறந்தார், ஓர் எலியை வரைந்தார், உலகை வென்றார் என்ற அளவில்தான் அவருடைய வரலாறு எங்களுக்குத் தெரியும். அந்த வேலையை விட்ட பிறகே அவருடைய வாழ்க்கையை ஊன்றிப் படித்தேன். 1941-ஆம் ஆண்டுக் கோடையில் அவருடைய சொந்த ஓவியர்களே அவருடைய ஸ்டுடியோ வாசலில் பதாகை ஏந்தி நின்ற வாரங்களைப் பற்றி அப்போதுதான் அறிந்தேன். அதன் பிறகு அந்தச் சுவரிலிருந்த படத்தை என்னால் பழைய கண்களோடு நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டிஸ்னி 1901 டிசம்பர் 5 அன்று சிகாகோவில் பிறந்தார். தந்தை எலியாஸ் கண்டிப்பானவர். தொட்ட தொழில்களிலெல்லாம் நட்டம் கண்டவர். மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்ற சிற்றூரில் சில ஆண்டுகள் பண்ணை நடத்திப் பார்த்தார். அதை விற்றுவிட்டு 1911-இல் கான்சஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்து, நாளிதழ் விநியோகிக்கும் உரிமையை விலைக்கு வாங்கினார். ஒன்பது வயது வால்ட்டும் அவருடைய அண்ணன் ராயும் அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து வீடு வீடாகப் பத்திரிகை போட்டார்கள். முழங்கால் வரை பனி கிடந்தாலும் பத்திரிகையைச் சைக்கிளிலிருந்து வீசக் கூடாது. வாசற்கதவுக்குள் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது தந்தையின் உத்தரவு. வெளியிலிருந்து வந்து வேலை செய்த பையன்களுக்குக் கூலி கிடைத்தது. வால்ட்டுக்குக் கிடைக்கவில்லை. உணவும் உடையும் தருகிறோமே, மகனுக்கு எதற்குக் கூலி என்பது எலியாஸின் கணக்கு. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இப்படி ஓடின. உலகப் புகழ் பெற்ற பின்னரும், ஏதோ ஒரு வீட்டுக்குப் பத்திரிகை போட மறந்துவிட்டதாகக் கனவு கண்டு டிஸ்னி விழித்துக்கொள்வது உண்டாம்.

குடும்பத்துக்காகச் செய்யும் வேலைக்குக் கூலி கேட்கக் கூடாது என்ற பாடத்தை அவர் கற்ற இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. எலியாஸ் ஒரு சோஷலிஸ்ட். அமெரிக்கத் தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸின் ஆதரவாளர். வீட்டுக்கு வரும் சோஷலிஸ்ட் இதழில் தொப்பை பெருத்த முதலாளியும் தொப்பி அணிந்த தொழிலாளியும் கேலிச்சித்திரங்களாக வருவார்கள். சிறுவன் வால்ட் கைப்பழக்கத்துக்குப் பார்த்து வரைந்த படங்களில் இவையும் அடங்கும். மகனுக்குக் கூலி தராத தந்தைதான் தொழிலாளர் உரிமை பேசும் இதழையும் வரவழைத்தார்.

பதினெட்டு வயதில் கான்சஸ் சிட்டியின் விளம்பர ஓவியக் கூடம் ஒன்றில் அப் ஐவெர்க்ஸ் என்ற இளைஞரை டிஸ்னி சந்தித்தார். இருவருக்கும் ஒரே வயது. ஐவெர்க்ஸ் அதிகம் பேசமாட்டார். ஆனால் அவருடைய கை நிற்காது. டிஸ்னி பேசுவார், வரைவதைவிடப் பேசுவதில்தான் அவருடைய மேதைமை இருந்தது என்றுகூடச் சொல்லலாம். 1922-இல் லாஃப்-ஓ-கிராம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே அது திவாலாயிற்று. அட்டைப் பெட்டி ஒன்றில் துணிமணிகளைத் திணித்துக்கொண்டு ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். அங்கே அண்ணன் ராயுடன் சேர்ந்து 1923 அக்டோபரில் ஸ்டுடியோவைத் தொடங்கியதும் கான்சஸ் சிட்டி நண்பர்களை ஒவ்வொருவராக வரவழைத்துக்கொண்டார்.

1927-இல் ஆஸ்வால்டு என்ற முயல் பாத்திரம் வெற்றி பெற்றது. மறு ஆண்டு நியூயார்க் சென்று, படத்துக்கு இன்னும் கொஞ்சம் பணம் வேண்டும் என்று விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸிடம் கேட்டார் டிஸ்னி. கூட்டித் தருவதற்குப் பதிலாகக் குறைத்துத் தருவதாகச் சொன்னார் மின்ட்ஸ். முயலின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. டிஸ்னியின் ஓவியர்களில் பெரும்பாலோர் அவருக்குத் தெரியாமல் மின்ட்ஸுடன் ஒப்பந்தம் செய்திருந்தனர். ஐவெர்க்ஸ் மட்டுமே கையெழுத்திட மறுத்திருந்தார்.

டிஸ்னியைப் பற்றிய நூல்களும் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளும் இந்த இடத்தில் ஒரு பாடத்தை எடுத்துச் சொல்லும்: உன் படைப்பின் உரிமையைப் பிறரிடம் விடாதே. டிஸ்னியும் அதைத்தான் கற்றார், வாழ்நாளில் மறக்கவில்லை. ஆனால் உடனிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்வியும் அங்கே இருக்கிறதல்லவா? ஹியூ ஹார்மன் போன்ற பழைய நண்பர்கள், டிஸ்னி தங்களை விரட்டி வேலை வாங்கிய விதத்தில் நெடுநாளாகவே மனம் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். சொந்த ஸ்டுடியோ பற்றிப் பேசியும் வந்தார்கள். டிஸ்னியின் கண்ணுக்கு அந்தப் புழுக்கம் தெரியவில்லை. துரோகம் மட்டுமே தெரிந்தது.

மிக்கி மவுஸ் பிறந்தது அதற்குப் பிறகுதான். முதல் மிக்கி படத்தை ஏறத்தாழத் தனி ஒருவராக வரைந்து முடித்தவர் ஐவெர்க்ஸ். ஒரே நாளில் 700 ஓவியங்கள் வரை அவர் வரைந்ததாகத் தொழிலில் இருப்போர் இன்றும் வியந்து பேசுவார்கள். அந்தக் கணக்கை நானும் ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறேன். எழுபதில் விரல் மரத்துவிட்டது. 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் திரையிடப்பட்ட ஒலிப்படமான 'ஸ்டீம்போட் வில்லி'யின் பெயர் அட்டையில் டிஸ்னியின் பெயரோடு ஐவெர்க்ஸின் பெயரும் இருந்தது. ஆனால் உலகம் ஒரு பெயரைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது. 1930 ஜனவரியில் ஐவெர்க்ஸ் விலகினார். நிறுவனத்தில் தமக்கிருந்த ஐந்தில் ஒரு பங்கை 2,920 டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பங்கு பிற்காலத்தில் என்ன விலை பெற்றிருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறேன். பத்து ஆண்டுகள் கழித்து அவர் டிஸ்னியிடமே திரும்பி வந்து, கேமரா நுட்பங்களில் பெரும் சாதனைகள் செய்து இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றார் என்பது தனிக் கதை.

1930-களின் டிஸ்னி ஸ்டுடியோவை நினைத்தால் இன்றும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நாடு பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்தபோது அவர் ஓவியர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டே இருந்தார். ஆர்ட் பாபிட் என்ற ஓவியர் தம் வீட்டில் சக ஓவியர்களைக் கூட்டி மனித உருவம் வரையும் பயிற்சி நடத்தினார். அதைக் கேள்விப்பட்ட டிஸ்னி அந்தப் பயிற்சியை ஸ்டுடியோவுக்கே கொண்டுவந்து, டான் கிரஹாம் என்ற ஆசிரியரை அமர்த்தி, செலவையும் தாமே ஏற்றார். விலங்குகளின் எலும்பும் தசையும் எப்படி அசைகின்றன என்பதைக் கார்ட்டூன்காரர்கள் பாடமாகப் படித்தது அங்கேதான்.

வரைந்த காட்சிகளைப் போட்டுப் பார்க்க ஒரு சிறிய அறை இருந்தது. காற்றோட்டம் கிடையாது. ஊழியர்கள் அதற்கு வியர்வைப் பெட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள்; வியர்த்தது வெப்பத்தால் மட்டுமன்று. டிஸ்னி வருவது அவருடைய இருமலிலேயே தெரிந்துவிடும். இரவில் எல்லோரும் போன பின் மேசை மேசையாகச் சென்று, குப்பைக் கூடையில் கசக்கிப் போட்ட ஓவியங்களை எடுத்துப் பலகையில் குத்திவைப்பார். மறுநாள் காலையில் வந்து பார்க்கும் ஓவியனுக்கு, தான் வீசி எறிந்ததில் இருந்த நல்லது புரியும். அவர் யாரையும் முகத்துக்கு நேரே பாராட்டியதில்லை. பாராட்டு மூன்றாமவர் வழியாகத்தான் வந்து சேரும். ஆனாலும் எல்லோருக்கும் அவர் வால்ட்தான். மிஸ்டர் டிஸ்னி என்று யாரும் அழைக்கக் கூடாது. அவர்கள் அவருக்காக உயிரைக் கொடுத்து வரைந்தார்கள்.

'ஸ்நோ ஒயிட்' படத்துக்கு அந்த உயிர் தேவைப்பட்டது. ஏறத்தாழ 15 லட்சம் டாலர் செலவு. முழுநீளக் கார்ட்டூன் படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று ஹாலிவுட் சிரித்தது. கடைசி மாதங்களில் ஓவியர்கள் இரவு பகலாக, வார இறுதிகளிலும் உழைத்தனர். கூடுதல் நேரத்துக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. மை தீட்டி வண்ணம் பூசும் பிரிவில் இளம்பெண்கள் செல்லுலாய்டு தாள்களில் ஓவியனின் கோட்டை மயிரிழை பிசகாமல் பிரதியெடுத்து, பின்புறம் வண்ணம் நிரப்பினார்கள். இளவரசியின் கன்னச் சிவப்பை ஒவ்வொரு தாளிலும் தனித்தனியே கையால் சாயம் தடவி வரவழைத்தவர்களும் அவர்கள்தான். சிறந்த அனிமேட்டருக்கு வாரம் 200 டாலருக்கு மேல் ஊதியம். இவர்களில் பலருக்கு வாரம் 20 டாலர்கூட இல்லை. பெண்கள் அனிமேஷன் ஓவியராக வர விரும்பி விண்ணப்பித்தால், படைப்பு வேலை இளைஞர்களுக்கு மட்டுமே, பெண்களுக்கு உள்ளது பிரதியெடுக்கும் வேலைதான் என்று ஸ்டுடியோவிலிருந்து கடிதம் போகும். 1938-இல் அனுப்பப்பட்ட அத்தகைய கடிதம் ஒன்று இன்றும் கைக்குக் கை பார்க்கப்படுகிறது.

1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் படத்தின் முதல் காட்சி. முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பெரிய ஆஸ்கர் சிலை ஒன்றும் அதனருகே ஏழு குட்டிச் சிலைகளும் டிஸ்னிக்குச் சிறப்புப் பரிசாகத் தரப்பட்டன. படம் பெரும் லாபம் ஈட்டியது. அந்த லாபத்தில் தங்களுக்குப் பங்கு உண்டு என்று ஓவியர்கள் நம்பியிருந்தார்கள். அவ்வாறே பேச்சும் இருந்தது. எழுத்தில் ஏதும் இல்லை. சிலருக்குக் கிடைத்தது; பலருக்கு எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. பணத்தின் பெரும்பகுதி அடுத்த படங்களுக்கும் பர்பாங்கில் எழுந்த புதிய ஸ்டுடியோவுக்கும் போயிற்று. டிஸ்னி அதைத் தம் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்குப் பணம் என்பது அடுத்த படம் எடுப்பதற்கானது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நம்பியதுதான் சிக்கல்.

பர்பாங்க் ஸ்டுடியோ ஓர் அழகான தவறு. ஓவியர்களுக்கு வேண்டிய வெளிச்சம் விழும்படி சன்னல்கள், குளிரூட்டிய அறைகள், மேசைக்கே வரும் காப்பி என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். ஆனால் பழைய நெரிசலான இடத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்டடம், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எல்லை. மாடியில் உயர் ஊதியம் பெறும் ஆண்களுக்கு மட்டும் ஒரு மனமகிழ் மன்றம். ஊழியர் எண்ணிக்கை 1,200-ஐ நெருங்கியது. வால்ட் என்று அழைக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. வால்ட்டைப் பார்க்கும் வாய்ப்புதான் பலருக்கு இல்லாமல் போயிற்று.

அதே வேளையில் ஐரோப்பாவில் போர் மூண்டு வெளிநாட்டு வருவாய் அடைபட்டது. 1940-இல் வெளியான 'பினோக்கியோ', 'ஃபாண்டேஷியா' இரண்டும் போட்ட பணத்தை எடுக்கவில்லை. நிறுவனம் பங்குகளை விற்றுப் பணம் திரட்டியது. ஆள்குறைப்பு பற்றிய பேச்சு எழுந்தது. அடுத்தடுத்த மேசைகளில் ஒரே வேலையைச் செய்த இருவர் வெவ்வேறு சம்பளம் வாங்கினார்கள். ஏன் என்று இருவருக்கும் தெரியாது. வெகுமதி யாருக்கு எவ்வளவு என்பது வால்ட்டின் மனத்தில் இருந்தது. அன்பு பெருகியிருந்த காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை.

முதலில் குரல் கொடுத்தவர் பாபிட். கூஃபி என்ற பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தவர். 'ஸ்நோ ஒயிட்'டின் கொடிய அரசியை வரைந்தவர். உயர்ந்த சம்பளம் பெற்றவர். அவருக்குத் தனக்கென்று கேட்க ஒன்றுமில்லை. தம் உதவியாளருக்கு வாரம் இரண்டரை டாலர் கூட்டித் தரும்படி டிஸ்னியிடம் போய்க் கேட்டார். உம்முடைய வேலையைப் பாரும் என்ற பதிலோடு திரும்பினார் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நிறுவனத்தின் ஆதரவில் அமைந்த ஊழியர் சங்கத்துக்கு அவரே தலைவராக இருந்தவர். அதனால் ஒன்றும் ஆகாது என்று கண்டு, 1941-இன் தொடக்கத்தில் வெளியிலிருந்த திரைக் கார்ட்டூன் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார்.

அந்தப் பிப்ரவரியில் டிஸ்னி ஊழியர்களைக் கூட்டி நீண்ட உரை ஆற்றினார். இருபது ஆண்டுகளாகத் தாம் பட்ட பாடுகளை விவரித்தார்: பட்டினி, கடன், திவால், துரோகம். இத்தொழிலைக் கௌரவமான கலையாக உயர்த்தத் தாம் போராடியதைச் சொன்னார். சலுகைகள் பற்றிய குறைகளுக்கு, திறமையுள்ளவர் முன்னேறுவார் என்ற பொருளில் பதிலளித்தார். பெண்களுக்கும் அனிமேஷன் பயிற்சி தரப்போவதாக அதே உரையில் சொன்னதும் உண்மை. அவர் மனம் திறந்துதான் பேசினார் என்று நம்புகிறேன். கேட்டவர்கள் மாதச் செலவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்; அவர் தம் வாழ்க்கைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்த பின் சங்கத்தில் சேர்ந்தோர் எண்ணிக்கை கூடியது.

மே மாத இறுதியில் பாபிட்டும் வேறு சில சங்க உறுப்பினர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஸ்டுடியோ காவலர்கள் பாபிட்டை வெளியே அழைத்துச் சென்றார்கள். மறுநாள் காலை, 1941 மே 29 அன்று, முந்நூறுக்கும் மேற்பட்டோர் வாசலில் நின்றார்கள். உலகின் தலைசிறந்த கார்ட்டூன் ஓவியர்கள் தங்கள் கையாலேயே பதாகை வரைந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பினோக்கியோவும் புளூட்டோவும் முதலாளியைப் பார்த்து நியாயம் கேட்டார்கள். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் ஓவியர்கள் தலைவெட்டும் பொறி ஒன்றைச் செய்து சுமந்துவந்து, டிஸ்னியின் வழக்கறிஞரைப் போன்ற பொம்மையை அதில் வைத்தார்கள். ஒரு நாள் காரில் உள்ளே போன டிஸ்னியைப் பார்த்து ஒலிபெருக்கிக் குழலில் பாபிட் வெட்கப்படச் சொல்லிக் கத்த, டிஸ்னி காரை நிறுத்திச் சட்டையைக் கழற்றாத குறையாகச் சண்டைக்கு இறங்கினார். சுற்றி நின்றவர்கள் தடுத்தார்கள்.

பாபிட்டைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவர் பில் டைட்லா. 'ஃபாண்டேஷியா'வின் மலையுச்சி அரக்கனை வரைந்தவர். தம் சிறு மகனைக் கவனித்துக் கவனித்து 'டம்போ'வின் குட்டியானையை வரைந்தவர். டிஸ்னி மீது அவருக்கு மரியாதை இருந்தது. அவருடைய சம்பளத்துக்கும் குறைவில்லை. பாபிட் அவருடைய பழைய நண்பர், ஒரே வீட்டில் தங்கியிருந்தவர். அந்த நட்புக்காக அவர் வெளியே வந்து நின்றார். பின்னர் திரும்பிச் சென்றபோது ஸ்டுடியோவில் அவருக்குப் பழைய இடம் இருக்கவில்லை, 1943-இல் விலகினார். அதற்குப் பிறகு அந்த உயரத்தை அவர் எங்கும் தொடவில்லை.

எங்கள் சென்னை நிறுவனத்திலும் மதுரையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இருந்தார். எனக்கு ஒளிப்பெட்டி மேல் கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். இருவரும் வடபழனியில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். மூன்றாவது மாதம், பிரியாணி வந்த ஓர் இரவில், அவர் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து, சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தாளில் எழுதித் தர முடியுமா அண்ணா என்று கேட்டார். குரலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உரிமையாளர் முகம் வாடிவிட்டது. உங்களையெல்லாம் தம்பிகளாக நினைத்தேனே என்றார். மறுநாள் காலை நண்பரின் மேசை காலியாக இருந்தது. நாங்கள் பதினெட்டுப் பேர். ஒருவரும் எழவில்லை. அன்று நான் வரைந்த காட்சி இன்னும் நினைவிருக்கிறது: ஒரு கரடி தேனீக்களிடமிருந்து ஓடுகிறது. நாற்பது ஓவியங்கள். தலை நிமிராமல் வரைந்து முடித்தேன்.

டிஸ்னியின் வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஒன்பது வாரம் நீடித்தது. கம்யூனிஸ்டுகளின் தூண்டுதல் என்று பத்திரிகையில் தம் பெயரில் விளம்பரம் கொடுத்தார் டிஸ்னி. அரசின் நடுவர்கள் தலையிட்டனர். தீர்வு சங்கத்துக்குச் சாதகமாக அமைந்தது. ஊதியம் கூடியது. வேலைநேரத்துக்கு வரம்பு வந்தது. அப்போது டிஸ்னி அரசின் நல்லெண்ணப் பயணமாகத் தென் அமெரிக்காவில் இருந்தார். அவர் அங்கே இருந்த செப்டம்பரில் தந்தை எலியாஸ் காலமானார். திரும்பி வந்தபோது ஸ்டுடியோவில் ஏறத்தாழ எழுநூறு பேர்தான் மிஞ்சியிருந்தனர். அக்டோபரில் வெளிவந்த 'டம்போ'வில், முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கப் புறப்படும் கோமாளிகள் நிழலுருவங்களாக வருவார்கள். வாசலில் நின்றவர்களைக் கேலி செய்யும் காட்சி அது என்றே பலரும் இன்றும் கருதுகிறார்கள்.

பாபிட் வழக்குத் தொடுத்து வேலையைத் திரும்பப் பெற்றார். போர்ச் சேவைக்குப் பின் வந்து சிறிது காலம் இருந்துவிட்டு விலகினார். 1947 அக்டோபர் 24 அன்று டிஸ்னி வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். வேலைநிறுத்தத்தை நடத்திய ஹெர்பர்ட் சொரெல், தம்மிடம் வேலை செய்த டேவிட் ஹில்பர்மன் ஆகியோரைக் கம்யூனிஸ்டுகள் என்று பெயர் சொன்னார். ஆறு ஆண்டுகள் கழிந்தும் ஆறவில்லை. குடும்பத்தை விட்டுப் போன பிள்ளையைத் தண்டிக்கும் தகப்பனின் கோபம் அதில் இருந்தது. ஒப்பந்தத்தை மீறிய ஊழியன் மீது முதலாளிக்கு வரும் கோபம் இவ்வளவு நாள் நீடிக்காது. அந்த ஹில்பர்மனும் வேறு சிலரும் தொடங்கிய சிறு நிறுவனம்தான் யூ.பி.ஏ. என்று வளர்ந்து, டிஸ்னியின் பாணிக்கு மாற்றான தட்டைக் கோட்டு ஓவியங்களால் 1950-களின் கார்ட்டூன் உலகையே திருப்பிப் போட்டது.

டிஸ்னி அதன் பிறகு ரயில்களிலும் பூங்காவிலும் தொலைக்காட்சியிலும் மனத்தைச் செலுத்தினார். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தது. 22 ஆஸ்கர் விருதுகளைப் போட்டியிலேயே வென்ற தனிமனிதர் அவர். 1966 டிசம்பர் 15 அன்று, ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த மருத்துவமனையில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

சென்ற மாதம் என் மகளோடு 'ஸ்நோ ஒயிட்' பார்த்தேன். பெயர்ப் பட்டியல் படத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. இயக்குநர்கள், அனிமேட்டர்கள், பின்னணி ஓவியர்கள் என்று நீண்ட பட்டியல். பாபிட்டும் டைட்லாவும் இருக்கிறார்கள். அதற்கு முன்னதாக ஓர் அட்டை: படத்தைச் சாத்தியமாக்கிய தம் ஊழியர்களின் விசுவாசத்துக்கும் படைப்பு முயற்சிக்கும் நன்றி சொல்லி, கீழே வால்ட் டிஸ்னியின் கையெழுத்து. இளவரசி முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தபோது, கன்னம் எப்படி அவ்வளவு அழகாகச் சிவந்திருக்கிறது, யார் அதை வரைந்தது என்று மகள் கேட்டாள். படத்தை முன்னுக்கு ஓட்டி ஒருமுறை தேடிப் பார்த்தேன். அந்தப் பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

அவள் தூங்கிய பின் மதுரை நண்பரின் எண்ணைத் தேடினேன். பழைய கைப்பேசியோடு அது போய்விட்டிருந்தது. அந்தத் தொடரின் பெயர்ப் பட்டியலில் எங்கள் பதினெட்டுப் பேரின் பெயரும் வரவில்லை. அவருடைய பெயரும் வரவில்லை.